நாலு வளைய டி-ரிங் ஃபைல்: இன்டர்வியூவுக்குப் போகும் நர்சிங் மாணவர்கள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். கடைசி வருட போஸ்டிங்கின்போது, அதாவது வார்டுப் பயிற்சியின்போது, வாங்கிய ஃபைல் இது. எத்தனையோ இன்டர்வியூ மேசைகளில் திறந்து மூடியாகிவிட்டது. மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் இதையேதான் வைத்திருக்கிறேன். வளையம் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, அட்டை மடங்கவில்லை. ஜூனியர் பிள்ளைகள் "அக்கா, போர்ட்ஃபோலியோவுக்கு எந்த ஃபைல் வாங்கறது?" என்று அடிக்கடி கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போர்ட்ஃபோலியோ என்பது நம் படிப்பு, பயிற்சி, திறமைக்கான தாள்களைக் கோத்து இன்டர்வியூவில் காட்டும் தொகுப்பு. ஃபைலைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். உள்ளே எதை வைத்தேன், எந்தப் பக்கம் மேசையில் கைகொடுத்தது என்பதையும் சொன்னால்தான் வாங்குகிறவர்களுக்குப் பயன்.

என்னைப் பொறுத்தவரை போர்ட்ஃபோலியோவுக்கு ஒரே பரீட்சைதான். கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அதற்கான பக்கம் கேட்டவர் முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டே "ஒரு நிமிஷம் மேம், இங்கதான் இருந்துது" என்று இழுத்தால், அதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நர்சிங் இன்டர்வியூக்கள் நீளமானவை அல்ல. வெளியே ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கும். அதனால் வளையம், தாளைச் செருகும் பிளாஸ்டிக் பாக்கெட், பிரிவுகளைப் பிரிக்கும் டிவைடர், அட்டை எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணோடுதான் பார்த்தேன். நீங்களும் அப்படிப் பார்ப்பது நல்லது.

முதலில் வளையம். சாதாரண ரிங் ஃபைலில் வளையம் வட்டமாக இருக்கும், முதுகுப் பட்டையில் பொருத்தியிருப்பார்கள். மூடும்போது பக்கங்கள் வளைந்து நெளியும். நாலு மாதத்தில் ஒவ்வொரு பாக்கெட்டின் ஓரமும் சுருண்டுவிடும். டி-ரிங் என்றால் வளையத்தின் ஒரு பக்கம் நேராக நிற்கும், பின்னட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் பிசகாமல் படியும். திறந்து மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடக்கும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கை சும்மா இருந்தால்தான் எதிரே இருப்பவருக்கு எந்த வரி என்று சுட்டிக்காட்ட முடியும். இரண்டு வளையம் வேண்டாம், நாலு வளையமே வாங்குங்கள். இரண்டு வளையத்தில் பாக்கெட்டின் மேல்முனையும் கீழ்முனையும் பிடிப்பில்லாமல் ஆடும், வேகமாகப் புரட்டினால் துளை கிழியும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், இரண்டு துளைகளுக்கு நடுவே 80 மில்லிமீட்டர் என்பது சர்வதேச அளவு. நாலு வளையம் இருந்தால் கிட்டத்தட்ட தாள் முழு நீளத்துக்கும் பிடிப்பு கிடைக்கும். 25 மில்லிமீட்டர் வளையம் போதும். அதைவிடப் பெரியது வாங்கினால் நிரப்பத் தோன்றும், நிரப்பினால் தேட நேரமாகும்.

இதற்கு முன்னால் சீனியர்கள் பலரும் டிஸ்ப்ளே புக்தான் வைத்திருந்தார்கள், அதாவது பாக்கெட்டுகள் முதுகோடு ஒட்டியே வரும் ஃபைல். எடை குறைவு, பார்க்க அழகு, துளை கிழிகிற தொல்லையும் கிடையாது. ஆனால் வரிசையை மாற்ற முடியாது. ஐசியூவுக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகும்போது எனக்கு வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்த கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) முன்னால் வேண்டும். குழந்தைகள் வார்டு என்றால் தடுப்பூசி பற்றித் தாய்மார்களுக்குப் பாடம் எடுத்த பக்கம் முன்னால் வேண்டும். டிஸ்ப்ளே புக்கில் இதைச் செய்ய எல்லாத் தாளையும் உருவித் திரும்பச் செருக வேண்டும். ரிங் ஃபைலில் வளையத்தைத் திறந்து பாக்கெட்டை எடுத்து இடம் மாற்றினால் முடிந்தது. இன்டர்வியூவுக்கு முந்தின இரவு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது பாக்கெட். இதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. ஃபைலோடு இலவசமாக வரும் பாக்கெட்டுகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள். என் ஃபைலோடு வந்தவை மெல்லியவை, சரசரவென்று சத்தம் போடுபவை, புது பிளாஸ்டிக் நெடி வேறு. பிவிசி பிளாஸ்டிக்கில் அதை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளாக ஆக வெளியே கசியும். லேசர் பிரிண்டரில் எடுத்த எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாளை உருவினால் எழுத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விடும். பாலிப்ரொப்பிலீன் பாக்கெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பாக்கெட்டிலோ உறையிலோ மறுசுழற்சி முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 3 என்றால் பிவிசி. ஓரத்தில் 11 துளை உள்ள பாக்கெட்டாக வாங்கினால் எந்த வளையத்துக்கும் பொருந்தும். நான் தனியாக வாங்கியவை கொஞ்சம் தடிமனானவை. புரட்டும்போது தாள் துவளாது, பக்கம் தானாக நிமிர்ந்து திரும்பும்.

பளபளப்பான பாக்கெட்டா, மங்கலான பாக்கெட்டா என்றால் யோசிக்காமல் மங்கலானது. இன்டர்வியூ அறைகளில் நேர் மேலே டியூப் லைட் இருக்கும். பளபளப்பான பாக்கெட்டில் அந்த வெளிச்சம் அப்படியே விழுந்து எதிரே இருப்பவருக்குக் கண் கூசும். ஃபைலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், அப்புறம் விட்டுவிடுவார். மங்கலான பாக்கெட்டில் போட்டோக்கள் கொஞ்சம் சோபை இழக்கும், உண்மைதான். போர்ட்ஃபோலியோவில் போட்டோவுக்குப் பெரிய வேலை இல்லை, எழுத்துக்குத்தான் வேலை.

இந்த ஃபைலின் பெரிய குறை டிவைடர்தான். கூடவே வரும் டிவைடர்கள் சரியாக ஏ4 அகலம். பாக்கெட்டோ துளைப் பட்டை இருப்பதால் ஏ4 தாளைவிட அகலம். விளைவு, டிவைடரின் காது, அதாவது ஓரத்தில் நீட்டியிருக்கும் பட்டை, பாக்கெட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. மூடியிருக்கும்போது ஓரத்தில் எதுவுமே தெரியாது. ஒரு பகுதியைச் சட்டென்று எடுப்பதற்காகவே வைத்த டிவைடர் இப்படி ஒளிந்துகொண்டால் அது எதற்கு? தயாரிப்பாளர்கள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அகலமான டிவைடர் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாக்கெட்டின் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் காதுகள் இருக்கின்றன, அதுவும் நன்றாகவே உழைக்கிறது. ஐந்து பிரிவுக்கு மேல் வைக்காதீர்கள்.

முன்னட்டையில் தாள் செருகும் உறை இருக்கிறது. அதில் பெயரும் படிப்பும் மட்டும் போட்டேன். இதயம், ஸ்டெதஸ்கோப், நைட்டிங்கேல் விளக்கு எல்லாம் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் அட்டையைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை.

இனி உள்ளே வைத்தது. ஃபைலின் உண்மையான மதிப்பு இதில்தான் தெரியும்.

முதல் பிரிவில் ஒரே பக்க ரெஸ்யூமே, பதிவுச் சான்று நகல், மதிப்பெண் பட்டியல் நகல், தடுப்பூசி விவரம், பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை நகல். இவற்றைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தேதிகளை மட்டும் பாருங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் அட்டை 2 வருடம்தான் செல்லும், காலாவதியான அட்டையை வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டிருந்தால் அதோடு ஆன்டிபாடி பரிசோதனை முடிவையும் வையுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கேட்பதற்கு முன்பே அது கண்ணில் பட்டால், தொற்றுக் கட்டுப்பாட்டில் அக்கறையுள்ள பெண் என்று புரிந்துகொள்வார்கள். அசல் சான்றிதழ்களை இந்த ஃபைலில் வைக்கவே கூடாது. "இதை விட்டுட்டுப் போங்க, பார்த்துட்டுத் தர்றோம்" என்று சொல்வார்கள். அப்போது முழு ஃபைலையும் நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் நகலாக இருக்க வேண்டும். அசலுக்குத் தனி ஜிப் ஃபைல். அசலில் துளை போடாதீர்கள், லேமினேட்டும் வேண்டாம்.

இரண்டாவது பிரிவு போஸ்டிங்கும் திறன்களும். எந்த வார்டில் எத்தனை மணிநேரம் என்று ஒரு அட்டவணை, அடுத்து ப்ரொசீஜர் பட்டியல். செய்த ப்ரொசீஜர்களைப் பதியும் லாக் புக்கை அப்படியே நகலெடுத்து வைத்தால் இருபது முப்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். அதைச் சுருக்கி ஒரே பக்கத்தில் மூன்று கட்டமாகப் பிரித்தேன்: பார்த்தது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்யத் தயாராக இருப்பது. ஐவி கானுலா, யூரினரி கதீட்டர், ரைல்ஸ் டியூப், டிரெஸ்ஸிங், சக்‌ஷன், ஈசிஜி எடுப்பது எல்லாம் அதற்குரிய கட்டத்தில். மூன்றாவது கட்டம் சிறியதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்க செவிலியர் கல்வியாளர் பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய நூலில் ஒரு செவிலியர் கடந்துவரும் 5 நிலைகளைச் சொல்கிறார். படிப்பு முடித்து வருகிறவர் அதில் இரண்டாவது படியில்தான் நிற்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லாவற்றிலும் "முடியும்" என்று டிக் போட்ட பக்கத்தைவிட, "இது பார்த்தேன், இது செய்தேன், இதற்கு இன்னும் கற்றுத்தர வேண்டும்" என்று பிரித்துக் காட்டும் பக்கத்தை அவர்கள் நம்புகிறார்கள். ஓர் இடத்தில் சூப்பரின்டென்டென்ட் மேம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "டிராக்கியோஸ்டமி கேர் பார்த்ததுன்னு மட்டும் போட்டிருக்கே. சேர்ந்தா எங்க ஐசியூவில் கத்துக்குவியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வேலை கொடுக்க நினைப்பவர் கேட்கும் கேள்வி என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மூன்றாவது பிரிவு கேர் பிளான். ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. நான் வைத்தது படுக்கையோடு இருந்த ஒரு முதியவருடையது. பிரேடன் ஸ்கோர் 12, அதாவது படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம். அந்த அளவுகோலில் 23 வரை மதிப்பெண் உண்டு, குறையக் குறைய ஆபத்து கூடும். எந்த உட்பிரிவில் எவ்வளவு குறைந்தது, அதனால் எதைச் செய்தேன், ஏன் செய்தேன், ஒரு வாரம் கழித்துத் தோல் எப்படி இருந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். கல்லூரியில் மார்க்குக்காக எழுதும் கேர் பிளான் பத்துப் பக்கம் போகும், அதை அப்படியே வைப்பதில் அர்த்தமில்லை. "இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தேன்" என்பது எல்லோரும் எழுதும் வரி. நோயாளியின் மகளுக்கு எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொடுத்தேன், டிஸ்சார்ஜுக்கு முன் அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன் என்ற வரியைத்தான் பேனலில் ஒருவர் விரலை வைத்துப் படித்தார்.

நான்காவது பிரிவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் போர்ட்ஃபோலியோவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அது ரிஃப்ளெக்‌ஷன் பக்கம். நடந்ததைத் திரும்பிப் பார்த்து, கற்றதை எழுதும் பக்கம். கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் இதற்காக 1988-ல் கொடுத்த வட்டத்தில் ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக நடந்தது எது இல்லை, ஏன் அப்படி, என்ன புரிந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்திருப்போம். ஒரு நிஜ சம்பவத்தை வைத்து எழுதும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நான் எழுதிய சம்பவம் இது. காய்ச்சலோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்கு ஐவி பாராசிட்டமால் 1 கிராம் எழுதியிருந்தது, பெரியவர்களுக்கு வழக்கமான அளவுதான். ஆளைப் பார்த்தால் எலும்பும் தோலுமாக இருந்தார். கேஸ் ஷீட்டில் எடைக்கான கட்டம் காலியாக இருந்தது. எடை பார்த்தேன், 38 கிலோ. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு ஐவி பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கு. 38-ஐ 15-ஆல் பெருக்கினால் 570 மில்லிகிராம். 1 கிராம் மருந்து உள்ள 100 மில்லி பாட்டிலில் 57 மில்லிதான் போக வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் எஸ்பார் (SBAR) முறையில் சொன்னேன்: இப்போதைய நிலை, பின்னணி, நான் கணித்தது, நான் கேட்பது. நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளிடமிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. பதற்றமான நேரத்திலும் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். "சிஸ்டர், பெட்டில் இருக்கிற அம்மாவோட எடை 38தான். 1 கிராம் எழுதியிருக்கு. கணக்குப்படி 570 வருது. டாக்டரை ஒரு தடவை கேட்டுடலாமா சிஸ்டர்?" அவர் உடனே டாக்டரை அழைத்தார், அளவு மாற்றப்பட்டது, மருந்து நேரத்துக்குப் போனது. இவ்வளவுதான் சம்பவம்.

இதைப் பக்கமாக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தேன். யாரையும் குறை சொல்லும் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. "டாக்டர் கவனிக்கவில்லை" என்று எழுதினால் படிக்கிறவர் மனதில், நாளைக்கு நம்மைப் பற்றியும் இவள் இப்படித்தான் எழுதுவாள் என்ற எண்ணம் வரும். எடை பதிவாகவில்லை, பதிவாகாத இடத்தில் எல்லோரும் வழக்கமான அளவை வைத்துக்கொள்வது இயல்பு, அட்மிஷனின்போதே எடை பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன் என்று எழுதினேன். இன்னொன்று, கணக்கைத் தாளிலேயே போட்டுக் காட்டினேன்.

மூன்று பேர் இருந்த ஒரு பேனலில் நடுவில் இருந்தவர், "மருந்து கொடுக்கிறதில் தப்பு நடக்காம இருக்க என்ன பண்ணுவே?" என்று கேட்டார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று எல்லோரும் ஒப்பிக்கும் பதில் அது. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே நான்காவது காதைப் பிடித்துத் திறந்து ஃபைலை அவர் பக்கம் திருப்பினேன். தட்டையாகக் கிடந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெருக்கல் கணக்கின் மேல் விரலை ஓட்டி, வலப்பக்கம் இருந்தவரிடம் "57 மில்லி, சரிதானே?" என்றார். அவர்கள் இருவரும் அந்தக் கணக்கைப் பற்றியே பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கிளைத்த கேள்விகள்தான், எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து வந்தவை. இந்த ஃபைலுக்கு நான் கொடுத்த காசு அந்த மேசையில் வசூலாகிவிட்டது.

ஐந்தாவது பிரிவில் ப்ரிசெப்டர் (வார்டில் பயிற்சி தந்த சீனியர் நர்ஸ்) எழுதிய மதிப்பீடு, ட்யூட்டர் மேம் கொடுத்த கடிதம், நான் தயாரித்த சுகாதாரப் பாடத்தின் ஒரு பக்கம். மதிப்பீடு வாங்கும்போது "நல்ல மாணவி, நேரம் தவறாதவர்" என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். போஸ்டிங் முடியும் அன்றே, நீங்கள் பார்த்த ஒரு நோயாளியை நினைவூட்டி, அதைப் பற்றி இரண்டு வரி எழுதித்தரக் கேளுங்கள். மாதம் கடந்தால் அவர்களுக்கும் மறந்துவிடும்.

நோயாளியின் அந்தரங்கம் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும், இதில் விளையாட்டுக்கே இடமில்லை. பெயர், படுக்கை எண், ஓபி எண், அட்மிஷன் தேதி, ஊர், முகம் தெரியும் போட்டோ எதுவும் ஃபைலில் இருக்கக் கூடாது. துல்லியமான வயதுகூட வேண்டாம், "முதியவர்" போதும். அரிய நோயாக இருந்தால் நோயின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும், அந்தக் கேஸையே விட்டுவிடுங்கள். கறுப்பு மார்க்கரால் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கீழே இருக்கும் எழுத்து அப்படியே தெரியும். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் அதைவிட மோசம், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் எழுத்து வெளியே வந்துவிடும். கேஸ் ஷீட்டைத் தொடவே வேண்டாம். உங்கள் குறிப்பிலிருந்து புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள் இதைச் சோதிக்கவே பக்கங்களைப் புரட்டுகிறார்கள். பெயர் தெரிந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டால் மற்ற எல்லாப் பக்கமும் வீண்.

டிஜிட்டலாக வைத்தால் போதாதா, இந்தக் காலத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். விண்ணப்பத்தோடு அனுப்ப, வீடியோ இன்டர்வியூவில் திரையில் காட்ட, ஒரே பிடிஎஃப் அவசியம். பிரிவுகளுக்கு புக்மார்க் போட்டு, கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள், "ஃபைனல் நியூ 2" என்று இருக்க வேண்டாம். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்தால், வேறொரு கணக்கிலிருந்தோ லாகின் இல்லாத போனிலிருந்தோ திறந்து பாருங்கள். அனுமதி கொடுக்காமல் அனுப்பிய இணைப்பை யாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்குவதில்லை. ஆனால் நேரில் உட்காரும்போது டேப்லெட்டை நீட்டினால் ஒருவர்தான் பார்க்க முடியும், கைபட்டால் பக்கம் எங்கோ ஓடிவிடும். தாள் மூன்று பேருக்கும் நடுவில் கிடக்கும், விரல் வைத்துக் காட்டலாம், இன்னொருவர் அடுத்த பக்கத்தைத் தூக்கிப் பார்க்கலாம். அழகான டெம்ப்ளேட்டுகள் தரும் டிசைன் ஆப் ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். வண்ணங்கள் நன்றாக இருந்தன, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தபோது வெளிர் நிற எழுத்துகள் மங்கிப்போயின. சாதாரண ஆவணத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், 11 அல்லது 12 அளவில் எடுத்ததுதான் வயதான கண்களுக்கும் எளிதாக இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடை கூடுதல். அட்டை தடிமனானது, நிரப்பிய பிறகு தோள்பையில் நன்றாகவே தெரியும். வளையத்தைத் திறக்கும் நெம்பு புதிதில் மிகவும் இறுக்கம், நகத்தால் திறக்க முயன்றால் நகம் போகும், விரல் முனையால் அழுத்த வேண்டும். உள்ளட்டையில் இருக்கும் பை ஆழமில்லாதது. அதில் கூடுதல் ரெஸ்யூமேக்களை வைத்தால் ஃபைலைத் தலைகீழாகப் பிடிக்கும்போது நழுவி விழுகிறது. பேனலில் ஆளுக்கொரு ரெஸ்யூமே கொடுக்க வேண்டியிருப்பதால் அது தேவையான பை. நான் ஒரு பாக்கெட்டைக் கடைசியில் சேர்த்து அதில் வைத்துக்கொண்டேன். பெரிய அளவில் வரும் மதிப்பெண் பட்டியல்கள் இதில் அடங்காது, ஏ4 அளவுக்குக் குறைத்து நகலெடுக்க வேண்டும். கறுப்பு நிறத்தில் கைரேகை தெரிகிறது, கருநீலம் தேவலை.

வேலை கிடைத்த பிறகு இந்த ஃபைல் எதற்கு என்று தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். பதிவைப் புதுப்பிக்க, பிரிவு மாற, மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க எல்லாவற்றுக்கும் இதேதான் கேட்பார்கள். பிரிட்டனில் 2016 முதல் செவிலியர்கள் 3 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணிநேரப் பணி, 35 மணிநேரத் தொடர் கல்வி, 5 ரிஃப்ளெக்‌ஷன், 5 பின்னூட்டம் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கனவு இருக்கிறவர்களுக்கு மாணவப் பருவத்தில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் அங்கே நேராகக் கைகொடுக்கும். நான் இப்போது ஆறாவதாக ஒரு காது சேர்த்திருக்கிறேன், வார்டில் நடக்கும் வகுப்புகளின் சான்றுகள் அதில் சேர்கின்றன. ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இன்டர்வியூவுக்கு எடுத்துப்போகும்போதுதான். அப்போது இந்தப் பிரிவைக் கழற்றி வைத்துவிடுவேன். டி-ரிங்கில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்கிறேன். முதல் வருட, இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு இப்போதே அவசியமில்லை. ஒரு சாதாரண அட்டை ஃபைலில் போஸ்டிங் மணிநேரம், மதிப்பீடு, கைக்குறிப்பு எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கடைசி வருடம் வந்ததும் அதிலிருந்து பொறுக்கி இதில் வைத்தால் போதும். முழுக்க ஆன்லைனிலேயே தேர்வு செய்யும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கிறவர்களுக்கும் பிடிஎஃப் போதும்.

வாங்கும்போது வளையத்தை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அந்த ஃபைலை வைத்துவிட்டு வேறு எடுங்கள், அந்த இடைவெளியில்தான் பாக்கெட்டின் துளை சிக்கிக் கிழியும். கையோடு ஒரு பாக்கெட்டையும் ஒரு டிவைடரையும் கொண்டுபோய் மாட்டி, மூடி, ஓரத்தில் காது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் பாக்கெட், மங்கலானது, தேவைக்கு மேல் ஒரு பத்து சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அவசரமாகத் தேடினால் கிடைக்காது.